மணிக்கணக்கிலே ஓர் ஆசிரியர்!

(தோழர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில நாட்களுக்கு முன்பு, மாலை நேரத்திலே, நமது படிப்பகம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன்; சொன்னால் ஒரு நல்ல மனிதருக்குத் தொல்லை நேரும். நாளேடு படித்துக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு நடுவே, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மூலையிலே கிடந்த பெஞ்சியில் அமர்ந்து, மடிமீது ஒரு கட்டு விடைத்தாள்களை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். யாரென்று கேட்டேன். “கல்லூரி ஆசிரியர்” என்றார் படிப்பகப் பொறுப்பாளர்.

“கல்லூரி ஆசிரியருக்குக் கல்லூரியிலே இடமில்லையா?” என்றேன்.

“அங்கே இவருக்கென்று நாற்காலி இல்லை ஐயா. வீடு ஒற்றை அறை. அதனால், நம் விளக்கு வெளிச்சத்துக்கு வருகிறார்” என்றார்.

அருகே சென்று பேசினேன். முனைவர் பட்டம் பெற்றவர். பதினோரு ஆண்டுகளாக அரசினர் கல்லூரியிலே பாடம் நடத்துகிறவர். அவரிடம் படித்த மாணவர்களிலே சிலர் இன்று அரசு அலுவலர்கள். அவரோ, ஒவ்வோர் ஆண்டும் சூன் மாதத்திலே, “இந்த ஆண்டும் அழைப்பார்களா?” என்று காத்திருப்பவர். அவருக்கு அரசு சூட்டியிருக்கும் பெயர் ‘கௌரவ விரிவுரையாளர்’!

தோழர்களே! இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது அந்த மனிதரைப் பற்றித்தான். அவரைப்போல், ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டு அரசினர் கலை, அறிவியல் கல்லூரிகளிலே இருக்கின்றனர். தனியார் கல்லூரிகளிலே மணிக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் உழைப்போரைச் சேர்த்தால், தொகை இன்னும் பெருகும். அவர்களுக்காக இரக்கம் காட்டுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. இரக்கம், இல்லாதவனுக்கு இருப்பவன் தருவது. நான் கேட்பது, உழைத்தவனிடமிருந்து எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தரும் நேர்மை.

விருந்தினர் என்ற பெயர்

வெள்ளைக்காரன் மொழியிலே இவர்களைக் ‘கெஸ்ட் லெக்சரர்’ என்கிறார்கள். விருந்தினர் என்று பொருள். விருந்தினரைத் தமிழன் எப்படி நடத்துவான்? இலைபோட்டு உட்காரவைத்துப் பரிமாறிவிட்டுத்தான் தான் உண்பான். ஆனால், இந்த விருந்தினரோ, தானே சமைத்து, தானே பரிமாறி, பந்தி முடிந்ததும் பசியோடு வீடு திரும்புகிறார். இப்படியொரு விருந்தோம்பலை எந்தத் தமிழ் ஏட்டிலே கண்டோம்?

விருந்தினர் என்றால், வந்து ஓரிரு நாள் இருந்துவிட்டுப் போகிறவர். வெளியூர் அறிஞர் ஒருவரை அழைத்து, நான்கு சொற்பொழிவு ஆற்றச் செய்து, வழிச்செலவும் சிறு தொகையும் தந்து அனுப்புவது உலகெங்கும் உள்ள வழக்கம். அந்த வழக்கத்துக்காகத் தோன்றிய பெயரை, ஆண்டு முழுவதும் பாடம் நடத்தி, தேர்வுக்குக் காவல் நின்று, விடைத்தாள் திருத்தி, மாணவர் சேர்க்கை நாளிலே வரிசையை ஒழுங்குபடுத்தும் மனிதரின்மீது ஒட்டிவிட்டார்கள். பெயர் விருந்தினர், வேலை வீட்டுக்காரர் வேலை!

நாற்பதும் பதினாறும்

அரசே எழுதிவைத்த கணக்கு ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழு, 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட விதிகளிலே, ஒரு கல்லூரி ஆசிரியரின் வேலை என்ன என்பதை எண்ணிச் சொல்லியிருக்கிறது. வாரத்துக்கு 40 மணிக்குக் குறையாத வேலை. ஆண்டுக்கு 30 வாரங்கள். அந்த 40 மணியிலே, உதவிப் பேராசிரியர் நேரடியாக வகுப்பிலே கற்பிக்க வேண்டிய நேரம் 16 மணி.

மிச்சம் 24 மணி எதற்கு? வீணே உட்கார்ந்திருக்கவா? இல்லை. பாடத்துக்கு ஆயத்தம் செய்ய, புதிய நூல்களைப் படிக்க, விடைத்தாள் திருத்த, ஆய்வு செய்ய, “ஐயா, இது விளங்கவில்லை” என்று வாசலிலே வந்து நிற்கும் மாணவனுக்கு மீண்டும் ஒருமுறை சொல்லிக்கொடுக்க. இவையும் ஆசிரியர் பணிதான் என்று அரசின் விதியே ஒப்புக்கொள்கிறது. உழவன் ஏர் பூட்டும் நாளுக்கு மட்டும் கூலி, நாற்று நடவும் களை எடுக்கவும் நீர் பாய்ச்சவும் கூலி இல்லை என்றால், அந்த நிலத்திலே நெல் விளையுமா?

ஆனால், மணிக்கணக்கு ஆசிரியருக்கு நடப்பது அதுதான். மணி அடித்தால் அவர் ஆசிரியர். மறுமணி அடித்தால் அவர் யாரோ! அந்த 24 மணி நேரம் அவரைப் பொறுத்தவரையில் இல்லாததாகிவிடுகிறது. அந்த வேலையை அவர் செய்யாமல் இருக்கிறாரா? செய்கிறார். நமது படிப்பகத்துப் பெஞ்சியிலே நான் கண்டது, அந்த 24 மணியிலே ஒரு மணியைத்தான்.

தொகைக் கணக்கையும் பாருங்கள். 2019 சனவரியிலே, அதே மானியக் குழு, விருந்தினர் விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் என்றும், மாதத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேற்படக்கூடாதென்றும் வழிகாட்டியது. ஒரு கை கொடுக்கிறது. மறு கை பறிக்கிறது! வாரம் 16 வகுப்பு என்றால், நான்கு வாரத்துக்கு 64 வகுப்பு. 33 வகுப்பு முடிந்ததும் 49,500 ரூபாய் ஆகிவிடுகிறது. 34-ஆவது வகுப்புக்கு 500 ரூபாய். 35-ஆவது வகுப்பிலிருந்து 64-ஆவது வகுப்பு வரையிலே, 30 வகுப்புகள் இலவசம்!

அந்த 50,000 ரூபாயாவது கிடைத்ததா? தமிழ்நாட்டு அரசினர் கல்லூரிகளிலே 2024-25 கல்வியாண்டில் கௌரவ விரிவுரையாளர் பெற்றது மாதம் 25,000 ரூபாய். அதுவும் 11 மாதங்களுக்கு. அதே 64 வகுப்புக் கணக்கிலே பார்த்தால், ஒரு வகுப்புக்கு 390 ரூபாய். 40 மணி வேலை என்ற உண்மையான கணக்கிலே பார்த்தால், மணிக்கு 156 ரூபாய். அடுத்த அறையிலே, அதே பாடத்தை, அதே தகுதியோடு நடத்தும் நிலையான உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். 2024 சனவரியில் இருந்த 50 விழுக்காடு அகவிலைப்படியை மட்டும் சேர்த்தாலும் அது 86,550 ரூபாய். அவருக்கு அது மிகுதி என்று நான் சொல்லவில்லை. அவர் பெறுவது நியாயம். அந்த நியாயம் சுவருக்கு இந்தப் பக்கம் ஏன் வரவில்லை என்றுதான் கேட்கிறேன்.

பன்னிரண்டாவது மாதத்திலே அந்த ஆசிரியருக்குப் பசிக்காதா? வீட்டுக்காரர் வாடகை கேட்கமாட்டாரா? பிள்ளைக்குப் பள்ளியிலே கட்டணம் கட்ட வேண்டிய மாதமும் அதுதானே!

பூட்டிய கதவுகள்

ஊதியம் ஒரு குறை. அதைவிடக் கொடியது இன்னொன்று. ஆசிரியராக வளர்வதற்கான வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துவைத்திருக்கிறார்கள்.

முனைவர் பட்டம் பெற்றவர் ஆய்வு மாணவருக்கு வழிகாட்டலாமா? கூடாது. 2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிகளின்படி, முழுநேர நிலையான ஆசிரியரே நெறியாளர் ஆகலாம். ஆண்டுக்கணக்கிலே நடத்திய பாடம், நாளை நிலையான வேலை கிடைத்தால், பணிக்காலமாகச் சேருமா? சேராது. விருந்தினர் விரிவுரையாளராக இருந்த காலத்தை, எவ்வளவு நீண்டதாயினும், கணக்கிலே எடுக்கலாகாது என்கிறது 2018-ஆம் ஆண்டு விதி. ஒப்பந்த ஆசிரியரின் பணிக்காலத்தையோ, அவர் நிலையான ஆசிரியருக்குக் குறையாத ஊதியம் பெற்றிருந்தால்தான் சேர்ப்பார்களாம்!

இதிலுள்ள சூழ்ச்சியைக் கவனியுங்கள் தோழர்களே! குறைந்த ஊதியம் கொடுப்பது நிருவாகம். குறைந்த ஊதியம் பெற்றாய், ஆகவே உன் அனுபவம் அனுபவமல்ல என்று சொல்வதும் நிருவாகம். அடித்தவனே, அழுதாய் என்று அபராதம் போடுவதுபோல!

ஆனால், அதே 2018-ஆம் ஆண்டு விதிப்புத்தகத்திலே இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒப்பந்த ஆசிரியரை மிகத் தேவையானபோது மட்டுமே நியமிக்க வேண்டும். அவர்கள் மொத்த இடங்களிலே 10 விழுக்காட்டுக்கு மேற்படக்கூடாது. அவர்களது ஊதியம் நிலையான உதவிப் பேராசிரியரின் மாத ஊதியத்துக்குக் குறையக்கூடாது என்று அந்தப் பக்கம் பேசுகிறது. ஆசிரியரை வெளியே நிறுத்தும் பக்கம் நாள்தோறும் புரட்டப்படுகிறது. அவருக்குச் சோறு போடும் பக்கம் புரட்டப்படவே இல்லை. 2025 சனவரியிலே மானியக் குழு வெளியிட்ட வரைவு விதிகளிலே, அந்த 10 விழுக்காட்டு வரம்பே காணாமற்போயிருந்தது. நோய்க்கு மருந்து தேடாமல், வெப்பமானியை உடைத்தெறியும் வேலை இது!

இழப்பவர் யார்?

ஆசிரியரின் குறை ஆசிரியரோடு நிற்பதாக எண்ணிவிடாதீர்கள். அரசினர் கல்லூரியிலே படிக்க வருபவர் யார்? நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளா? கூலித் தொழிலாளியின் மகன் வருகிறான். நெசவாளியின் மகள் வருகிறாள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள் வருகிறார்கள். காலையிலே வேலை பார்த்துவிட்டு இரண்டாம் சுழற்சி வகுப்புக்கு வருபவனும் இருக்கிறான். வீட்டிலே பாடம் சொல்லித்தர ஆளில்லாத அந்தப் பிள்ளைக்குத்தான், வகுப்புக்கு வெளியே அரைமணி நேரம் உட்கார்ந்து பேசும் ஆசிரியர் மிகமிகத் தேவை. அவனுக்குத்தான், உட்கார இடமில்லாத, பேருந்தைப் பிடிக்க ஓடும் ஆசிரியரைக் கொடுத்திருக்கிறோம்.

மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு, மூன்றாண்டு கழித்து அந்தப் பெண் வருகிறாள். அவளை நன்கறிந்த ஆசிரியர் எங்கே? ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார். கல்லூரிக் கட்டடம் கட்டினோம், இடஒதுக்கீடு பெற்றுத் தந்தோம், கட்டணத்தைக் குறைத்தோம், எல்லாம் சரி. உள்ளே நிற்கும் ஆசிரியரை நிலையற்றவராக்கிவிட்டால், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நாம் திறந்துவிட்ட கதவு, பாதி திறந்த கதவுதானே!

அவர்கள் சொல்லும் சமாதானம்

“விருப்பப்பட்டுத்தானே வந்தார்கள்?” என்று கேட்கிறார்கள் சிலர். 2016-ஆம் ஆண்டு, பஞ்சாப் மாநிலத் தற்காலிக ஊழியர் வழக்கிலே, உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லிவிட்டது. குறைந்த கூலிக்கு ஒருவன் ஒப்புக்கொள்வது விருப்பத்தால் அன்று. குடும்பத்துக்குச் சோறும் கூரையும் தேடி, தன்மானத்தையும் விலையாகக் கொடுத்தே ஒப்புக்கொள்கிறான் என்ற கருத்தைத் தெளிவாக எழுதியது. சமவேலைக்குச் சம ஊதியம் தற்காலிக ஊழியருக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. 2025 ஆகத்து மாதத்திலே, குசராத்து அரசுப் பொறியியல் கல்லூரிகளின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள், 30,000 ரூபாய் ஊதியத்தோடு அதே நீதிமன்றத்தின் வாசலிலே நின்றபோது, நிலையான ஆசிரியருக்குரிய குறைந்தபட்ச ஊதிய விகிதத்தை அவர்களுக்கும் தரவேண்டுமென்று ஆணை பிறந்தது. விழா மேடைகளிலே குருவைத் தெய்வமென்று ஓதுவது மட்டும் போதாது என்ற பொருள்படவும் அந்தத் தீர்ப்பு சொல்லிற்று. நாம் நெடுநாளாகச் சொல்லிவரும் கருத்து அல்லவா அது!

“தேர்வு எழுதி வந்தவர்கள் அல்லரே! இடஒதுக்கீட்டு முறைப்படி நிரப்ப வேண்டாமா?” என்று கேட்பவர்களும் உண்டு. இந்தக் கேள்வியை நான் தள்ளிவிடமாட்டேன். இடஒதுக்கீடு நமது உயிர்க்கொள்கை. அதைக் கொல்லைப்புற வழியாகக் குலைக்க நாம் இடங்கொடுக்கமாட்டோம். ஆனால், சம ஊதியம் வேறு. நிலையான நியமனம் வேறு. நியமனத்துக்கு முறை வேண்டும் என்பது, இன்று செய்த வேலைக்கு இன்று கூலி கொடுக்காமலிருக்கக் காரணமாகுமா? தேர்வை ஒழுங்காக நடத்துவது யார் பொறுப்பு? 2024 மார்ச்சிலே 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. குறித்த காலத்திலே தேர்வு நடக்கவில்லை. 2025 அக்டோபரிலே 2,708 இடங்களுக்கு மறு அறிவிப்பு வந்தது. நியமனம் தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும், கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வயது கூடுகிறது. வெளியே காத்திருக்கும் பட்டதாரி இளைஞனுக்கும் ஒரு வயது கூடுகிறது. இந்த இருவரையும் ஒருவர்மேல் ஒருவர் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பவர்களுக்கு நாம் துணைபோகலாகாது.

“பணம் இல்லை” என்பது கடைசிச் சமாதானம். பணமில்லாத வீட்டிலே, எல்லோரும் ஒரு கவளம் குறைத்து உண்பார்கள்; ஒரு பிள்ளையை மட்டும் பட்டினி போடமாட்டார்கள்.

கடல் கடந்த பாடம்

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலே, 1987-இல் கல்லூரி ஆசிரியர்களிலே சுமார் 47 விழுக்காட்டினர் நிலையற்ற பணியிலே இருந்தனர். 2021-இல் அது சுமார் 68 விழுக்காடு ஆகிவிட்டது. கலிபோர்னியாவிலே, பகுதிநேர ஆசிரியர் ஒரு சமுதாயக் கல்லூரி மாவட்டத்திலே முழு வேலையில் 67 விழுக்காட்டுக்கு மேல் நடத்தக்கூடாது என்று சட்டம் இருப்பதால், காலையிலே ஒரு கல்லூரி, மாலையிலே வேறொரு கல்லூரி என்று காரிலேயே காலங்கழிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ‘நெடுஞ்சாலைப் பறவைகள்’ என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. தற்காலிகம் என்று சொல்லித் தொடங்கியது நிரந்தரமாகிவிடும் என்பதற்கு அந்த நாடு எச்சரிக்கை.

ஆனால், அங்கேயும் சங்கம் கட்டியவர்கள் சும்மா இருக்கவில்லை. வகுப்புக்கு வெளியே மாணவரைச் சந்திக்கும் நேரத்துக்கும் ஊதியம் தரும் திட்டத்தைக் கலிபோர்னியாவிலே பெற்றார்கள். பகுதிநேர ஆசிரியரின் மருத்துவக் காப்பீட்டுக்கு அம்மாநிலம் ஆண்டுக்கு 4,90,000 டாலர் ஒதுக்கிவந்தது. 2022-23 வரவு செலவுத் திட்டத்திலே அது 20 கோடி டாலராக உயர்ந்தது. கனடா நாட்டு வான்கூவர் சமுதாயக் கல்லூரியிலே நிலை இன்னும் மேல். பகுதிநேரத்தாருக்கும் முழுநேரத்தாருக்கும் ஒரே ஊதிய விகிதம். பாதி வேலை என்றால் அதிலே பாதி. 24 மாதக் காலத்திலே 19 மாதங்கள், அரைநேரத்துக்குக் குறையாமல் பணியாற்றியவர், தானாகவே நிலையானவர் ஆகிறார். யாருடைய கருணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வானத்திலிருந்து விழுந்ததா அது? சங்கம் பேசிப் பெற்ற ஒப்பந்தம்!

நாம் கேட்பது என்ன?

முதலாவது, அந்த 24 மணி நேரத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வகுப்புக் கூலியை ஒழித்து, நிலையான ஆசிரியரின் குறைந்தபட்ச ஊதிய விகிதத்திலே மாத ஊதியம், 12 மாதத்துக்கும் தரவேண்டும்.

இரண்டாவது, வேலை செய்ய வேண்டிய கருவியைக் கொடுக்க வேண்டும். ஒரு மேசை, ஒரு நாற்காலி, பூட்டக்கூடிய ஓர் அலமாரி, நூலகத்திலே நிலையான ஆசிரியருக்குள்ள அதே உரிமை, கல்லூரியின் கணிப்பொறி வசதி. தச்சருக்கு உளி கொடுக்காமல் கதவு கேட்பது அறிவுடைமையா?

மூன்றாவது, என்ன பாடம் நடத்த வேண்டும் என்பதைக் கல்லூரி திறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே எழுத்திலே தெரிவிக்க வேண்டும். முதல்நாள் மாலை சொல்லி, மறுநாள் காலை வகுப்பிலே நிற்க வைக்கலாகாது. பாடத்திட்டம் வகுக்கும் குழுவிலும், துறைக் கூட்டத்திலும் அவர்களுக்கு இடம் வேண்டும்.

நான்காவது, வளரும் வழியைத் திறக்க வேண்டும். புத்தொளிப் பயிற்சிக்கு ஊதியத்தோடு அனுப்புதல், ஆய்வு மாநாட்டுக்கு உதவி, தகுதியுடையோர்க்கு ஆய்வு நெறியாளர் உரிமை, பணிக்காலத்தைக் கணக்கிலே சேர்த்தல் ஆகியவை வேண்டும்.

ஐந்தாவது, தாய்மை விடுப்பு. மகப்பேற்று நலன் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதால் மறுக்கப்படலாகாது என்று 2023-ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பிள்ளை பெற்ற தாய், வேலை போய்விடுமென்று அஞ்சிப் பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு ஓடிவரும் நிலை எந்தக் கல்லூரியிலும் இருக்கலாகாது.

ஆறாவது, இடஒதுக்கீட்டு முறைப்படி, ஆண்டு தவறாமல் தேர்வு நடத்தி நிலையான இடங்களை நிரப்ப வேண்டும். அந்தத் தேர்விலே, நடத்திய ஆண்டுகளுக்கு உரிய மதிப்பு இருக்க வேண்டும்.

தோழர்களே, உங்களுக்கு ஒரு சொல்

எதிர்க்கட்சியாக இருக்கையிலே ஒரு நாக்கு, ஆளுங்கட்சியாக இருக்கையிலே இன்னொரு நாக்கு என்ற பழக்கம் நமக்கு வேண்டாம். நாற்காலியிலே யார் அமர்ந்திருந்தாலும், இந்தக் கேள்வியை நாம் கேட்போம். ஆட்சிகள் மாறியிருக்கின்றன, மணிக்கணக்கு மாறவில்லை. ஆகவே, குறை ஒரு கட்சியினுடையது மட்டும் என்று சொல்லி நாம் தப்பிவிட முடியாது.

உங்கள் ஊர்க் கல்லூரிக்குச் செல்லுங்கள். எத்தனை ஆசிரியர், அவர்களிலே எத்தனை பேர் மணிக்கணக்குக்காரர், அவர்களுக்கு உட்கார இடம் உண்டா, சென்ற மாத ஊதியம் வந்துவிட்டதா என்று கேட்டு எழுதுங்கள். அந்தப் பட்டியலைச் சட்டமன்ற உறுப்பினரிடம் நேரிலே கொடுங்கள். நம் கட்சிக்காரராயின் இருமுறை கொடுங்கள். நிலையான ஆசிரியர் சங்கத்தாரிடம் சொல்லுங்கள்: பக்கத்து அறையிலே மலிவாக ஓர் ஆசிரியர் கிடைக்கும் வரையிலே, உங்கள் நாற்காலியும் உறுதியானதன்று என்று.

நமது படிப்பகத்துத் தோழர் என்னிடம் கேட்டார்: “அந்த ஆசிரியருக்காக நாங்கள் என்ன செய்யலாம் ஐயா? ஒரு நல்ல மேசை வாங்கிப் போடலாமா?”

“வாங்கிப் போடுங்கள், விளக்கையும் நன்றாக எரியவிடுங்கள். ஆனால், அது அவருடைய இடமென்று நாமும் எண்ணிவிடலாகாது, அவரும் எண்ணிவிடலாகாது” என்றேன்.

அவருடைய இடம் கல்லூரியிலே இருக்கிறது. அந்த இடத்திலே அவர் அமரும் நாளிலே, படிப்பகத்து மேசை காலியாகும். அன்று அந்த மேசையிலே, அவரிடம் படித்த பிள்ளை ஒன்று வந்து அமர்ந்து படிக்கட்டும்.